சீனி வருத்தமும் நோயாளரின் கேள்வியும்



நீரிழிவு என்று நூல்கள் கூறும் நோயை மட்டக்களப்பு மக்கள் ‘சீனி வருத்தம்’ என்பர். பெயர் இனியதுதான்; வருத்தம் அவ்வாறன்று. கண், சிறுநீரகம், பாத நரம்பு ஆகியவற்றை ஓசையின்றி அரிக்கும் இந்நோயைப் பற்றி வைத்தியர்கள் நிறையப் பேசியுள்ளனர். நோயாளராக இருப்பவர் வைத்தியரிடம் எதைக் கேட்கலாம், எந்தக் கேள்வி பயன் தரும், எது ஆபத்தில் முடியும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவின் அளவை அறிய ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் நீரிழிவு உடையோர் என்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனர் என்றும் அது கண்டது. ஒன்பது மாகாணங்களில் ஏழு மட்டுமே அவ்வாய்வில் இடம்பெற்றன. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. எண்ணப்படாத மாகாணத்துக்கு நோய் வராமல் இருந்துவிடுமா?

வைத்தியசாலையில் இன்சுலின் பெறுவோருக்குக் கூறப்படும் முதல் அறிவுரையை எடுத்துக்கொள்வோம். “மருந்தைக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள்” என்பர். நல்ல அறிவுரைதான். ஆயின் படுவான்கரையில் ஓலைக்குடிலில் வாழும் கமக்காரருக்கும், வாவியில் தோணியோடும் மீனவருக்கும் அந்தப் பெட்டி எங்கிருந்து வரும்? பெட்டி உள்ளவர்க்கும் மின்சாரம் என்றும் துணை நிற்பதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்டது இக்கரை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. “பெட்டி இல்லையேல் என்ன செய்வது?” என்று கேட்பது வைத்தியரை எதிர்ப்பதாகாது, அறிவுரையை முழுமையாக்கச் சொல்வதாகும்.

இதே கேள்வி கென்யா நாட்டின் டடாப் அகதி முகாமிலும் எழுந்தது. வீட்டில் மருந்தைக் குளிரில் வைக்க வழியில்லாமையால், ஊசிக்காக ஒரு நாளில் இரு முறை வைத்தியசாலைக்கு நடக்கும் நிலையில் நோயாளர் இருந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இதனை ஆராய்ந்தன. 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினுக்கும், குளிரில் வைத்ததற்கும் வீரியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2021இல் அறிவித்தன. மருந்து மாறவில்லை, கேள்வி கேட்கப்பட்டமையால் மக்களின் நடை குறைந்தது.

இதனைக் கேட்டவுடன் குப்பியை முற்றத்து வெயிலில் வைக்கலாம் எனக் கொள்ளற்க. 37 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்கு அம்முடிவு பொருந்தாது. நான்கு வாரத்துக்கு அப்பாலும் பொருந்தாது. நிழலில், ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மற்றொரு சிறு சட்டியை இட்டு, அதனுள் மருந்தை நீர் படாமல் பொதிந்து வைப்பது எளிய முறை. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களிலேதான் வெக்கையும் மிகும், சட்டியும் நன்கு குளிரும். வாடைக்கால ஈரக்காற்றில் அதன் பயன் குறையும். பெட்டி உள்ளவர்கள் உறைநிலைத் தட்டில் மருந்தை வைக்கலாகாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் பயனற்றது.

நோயாளர் ஒருவரின் கேள்வி வைத்திய முறையையே அசைத்த கதையும் உண்டு. அமெரிக்கரான றிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் 1946இல், தமது பன்னிரண்டாம் வயதில் நீரிழிவுற்றார், பின்னர்ப் பொறியியலாளரானார். குருதியிலுள்ள சீனியை அளக்கும் கருவி ஒன்று வந்திருப்பதை 1969இல் அறிந்தார். அதனை வைத்தியர்க்கு மட்டுமே விற்றனர். அவர் மனைவி வைத்தியர். அவர் பெயரில் வாங்கினார். நாள்தோறும் பலமுறை அளந்து, உணவையும் மருந்தையும் அதற்கேற்ப மாற்றினார். தாம் கண்டதை எழுதியனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. ஆகவே நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து தாமே வைத்தியரானார்! சீனியை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகக் கேடுகள் பெரிதும் குறையும் என்பதை 1,441 பேரைக் கொண்ட பெரும் ஆய்வு 1993இல் மெய்ப்பித்தது. அவர் கூறிய உணவு முறை பற்றி வைத்தியரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நோயாளர் தாமே அளக்கலாம் என்பதில் வேறுபாடு இல்லை.

நம்மவர்க்கு இதிற் கொள்ளத்தக்கது யாது? காலையில் வெறுவயிற்றுக் குருதியை மட்டும் பார்த்தால், இரவுப் புட்டு என்ன செய்தது என்பது தெரியாது. “சிவப்பரிசி தீங்கற்றது” என்று எண்ணி இரண்டு கோப்பை உண்பவர் பலர். தவிடுள்ள அரிசி வெள்ளையரிசியினும் மேலானதே. ஆயினும் அதுவும் மாச்சத்தே. அளக்கும் பட்டிகள் விலைகூடியவை என்பதால் நாள்தோறும் அளக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம், ஒரே வேளை உணவை எடுத்து, உண்ணுமுன்னும் உண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் அளந்து, உண்ட அளவோடு கொப்பியிற் குறிக்கலாம். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. நீண்ட முறைப்பாட்டைக் கேட்க அவருக்கு நேரமிராது. எண்கள் எழுதிய ஒரு பக்கத்தைப் படிக்க நேரமிருக்கும்.

அளவு சரியாக வந்ததும் குளிசையைத் தாமே நிறுத்துவோரும் உளர். அளவு சரியானது அக்குளிசையாலேயே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களத்தில் வழங்கும் மூலிகையைத் தேநீராகக் கொடுத்து இலங்கை வைத்தியர்களே ஆராய்ந்து, சிறிது பயன் உண்டென 2005இல் வெளியிட்டனர். ஆகவே மூலிகையை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆனால் குளிசையோடு அதனைச் சேர்த்துப் பருகுவோர் வைத்தியரிடம் மறைக்கலாகாது. இரண்டும் கூடிச் சீனியை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடலாம். அவ்வேளை வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றும். உடனே சீனி கரைத்த நீர் அருந்துதல் வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் காத்தான்குடி, ஏறாவூர் அன்பர்கள் இக்காரணத்தாலேயே றமழானுக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கிளினிக்குக்குச் சென்று, எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.