சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்



கணினித் துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு மூன்று வழிகளில் பணம் போகிறது: பயிற்சிக்கு, தேர்வுக்கு, தோற்றால் மறுதேர்வுக்கு. பயிற்சிச் செலவை அடியோடு தவிர்க்கலாம். தேர்வுக் கட்டணத்தைக் குறைக்கலாம். மறுதேர்வுச் செலவு பெரும்பாலும் அவசரப்பட்டுப் பதிவு செய்வதால் வருவது.

தொகையை முதலில் பார்க்க வேண்டும். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் தொடக்கநிலைத் தேர்வான ‘கிளவுட் பிராக்டிஷன’ருக்கு 100 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 10,030. சிஸ்கோவின் வலையமைப்புத் தேர்வான சி.சி.என்.ஏ. 300 டாலர், அதே கணக்கில் 30,090 ரூபாய். முகையூர் ஒன்றியத்தில் கரும்பும் மல்லாட்டையும் போட்டுப் பிள்ளைகளை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. அதை எந்த வரிசையில், எப்போது செலவிடுவது என்பதில்தான் சேமிப்பு இருக்கிறது.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை

பெரிய நிறுவனங்கள் தங்கள் தேர்வுக்கான பாடங்களைத் தாங்களே இலவசமாகத் தருகின்றன. மைக்ரோசாஃப்ட் லேர்ன், ஏ.டபிள்யூ.எஸ். ஸ்கில் பில்டர், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி ஆகியவை அப்படிப்பட்டவை. ரௌட்டரும் சுவிட்சும் விலைக்கு வாங்காமலே வலையமைப்பைக் கட்டிப் பழக உதவும் ‘பாக்கெட் டிரேசர்’ மென்பொருளும் சிஸ்கோ அகாடமியில் பதிவு செய்தவர்களுக்கு இலவசம். ஆங்கிலப் பாடம் கடினமாக இருந்தால், ஐ.ஐ.டி. மும்பையின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் லினக்ஸ், பைத்தான் போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் பாடங்கள் உள்ளன. அடிப்படையைத் தமிழில் பிடித்துக்கொண்டு ஆங்கிலப் பாடத்துக்குப் போவது நல்ல வழி.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், தமிழகக் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சியைக் கட்டணமின்றித் தருகிறது. வெளியே பயிற்சி நிலையத்தில் சேருமுன், அதே பாடம் இத்திட்டத்தில் தன் கல்லூரிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேட்பது மாணவரின் முதல் வேலை.

ஆயிரம் ரூபாய்த் தேர்வு

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டெல். இணையப் பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறப் பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 500 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அந்த ஒரு மாதத் தொகை ஒரு தேர்வுக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும்.

என்.பி.டெல். தேர்வில் இன்னொரு வசதி உண்டு. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 சதவீதமும் இறுதித் தேர்வுக்கு 75 சதவீதமும் மதிப்பெண். பணம் கட்டாமலே பாடத்தில் சேர்ந்து, முதல் சில வார ஒப்படைப்புகளில் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு தேர்வுக்குப் பதிவு செய்யலாம். தேறுமா தேறாதா என்று தெரிந்துகொண்டு பணம் கட்ட இடம் தரும் ஏற்பாடு இது. பல கல்லூரிகள் இப்பாடங்களின் கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன.

டாலர் தேர்வுகளில் கழிவு

ஏ.டபிள்யூ.எஸ். தேர்வு ஒன்றில் தேறியவருக்கு அடுத்த தேர்வில் 50 சதவீதக் கழிவு உண்டு. கிளவுட் பிராக்டிஷனரை 100 டாலருக்கு முடித்தால், 150 டாலர் அசோசியேட் தேர்வு 75 டாலருக்குக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 175. முதல் தேர்வு கட்டாயம் இல்லை என்பதால் நேராக அசோசியேட் எழுதினால் 150. ஆக, கூடுதல் 25 டாலருக்கு ஒரு சான்றிதழும் தேர்வறைப் பழக்கமும் கிடைக்கின்றன. தன்னம்பிக்கை குறைந்தவருக்கு இது லாபம். வேலை அனுபவம் உள்ளவருக்கு வீண்.

சி.சி.என்.ஏ. எழுத விரும்புவோர், சிஸ்கோ அகாடமியாகப் பதிவு பெற்ற கல்லூரியில் ஆசிரியர் நடத்தும் மூன்று பாடங்களையும் முடித்து, இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே உரிய மதிப்பெண் எடுத்தால் கட்டணக் கழிவுக்கான வவுச்சர் பெறலாம். குபர்னெட்டிஸ் மென்பொருள் நிர்வாகத்துக்கான சி.கே.ஏ. தேர்வின் கட்டணத்திலேயே ஒரு மறுதேர்வு அடங்கியிருக்கிறது. அதை நடத்தும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நவம்பர் கடைசியில் பெரிய தள்ளுபடி தருவது வழக்கம்.

வாங்கிய சான்றிதழைக் காப்பதும் சேமிப்பே. மைக்ரோசாஃப்டின் தொடக்கநிலைச் சான்றிதழ்கள் காலாவதி ஆவதில்லை. அதற்கு மேலுள்ள அசோசியேட் சான்றிதழ்கள் ஓராண்டுக்குச் செல்லும். முடியும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். நாள் தவறினால் முழுக் கட்டணத்துடன் முதலிலிருந்து எழுத வேண்டும்.

வீட்டிலிருந்து எழுதுவோர் கவனிக்க

தேர்வுகளை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் வழியாக வீட்டிலிருந்தே எழுதினால் சென்னைக்குப் போய்வரும் செலவும் ஒரு நாளும் மிச்சம். ஆனால் விதி கடுமையானது. அறையின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் தாளோ புத்தகமோ இருக்கக் கூடாது. கைபேசி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. விதி மீறினால் தேர்வு நிறுத்தப்படலாம்; பணம் திரும்பாது. கூட்டுக் குடும்ப வீட்டிலும் தெருவில் திருவிழா நடக்கும் நாளிலும் இது எளிதல்ல. துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துத் தேர்வு நாளைக் குறிக்க வேண்டும். மடிக்கணினி முழு சார்ஜில் இருக்க வேண்டும். வைஃபை மோடத்துக்கும் மாற்று மின்சாரம் வேண்டும்.

இன்னொன்று, பெயர். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியலாக இருக்கும் தந்தை பெயர், அடையாள அட்டையில் விரிவாக இருக்கும். பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் தேர்வுக்கு அனுமதி இல்லை. பதிவு செய்யும்போதே இதைச் சரிபார்ப்பது முழுக் கட்டணத்தையும் காக்கும். ஏ.டபிள்யூ.எஸ். தேர்வில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் 30 நிமிடக் கூடுதல் நேரம் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

மலிவு என்று நம்பி இழப்பது

‘டம்ப்ஸ்’ என்று விற்கப்படும் வினா-விடைத் தொகுப்பை வாங்குவது தேர்வு ஒப்பந்தத்தை மீறும் செயல். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே ரத்தாகும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பாதி விலைக்கு வரும் வவுச்சர் செல்லாமல் போனால் கேட்க ஆளில்லை. நிறுவனத்திடமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குவது பாதுகாப்பு. வவுச்சரின் கடைசித் தேதியையும் பார்க்க வேண்டும்.

எந்த வரிசை?

கல்லூரி நாட்களில் இலவசப் பாடங்களும் ஒன்றிரண்டு என்.பி.டெல். தேர்வுகளும் போதும். இறுதியாண்டில், போக விரும்பும் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரே ஒரு டாலர் தேர்வைத் தேர்ந்தெடுக்கலாம். மாதிரித் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண்ணை விடத் தாராளமாகத் தொடர்ந்து எடுத்த பிறகே அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஏ.டபிள்யூ.எஸ். தேர்வில் தோற்றால் 14 நாட்கள் காத்திருந்து மறுபடி முழுக் கட்டணம் கட்ட நேரும். இரண்டு வாரம் தள்ளி எழுதுவதற்குச் செலவே இல்லை. விலை உயர்ந்த தேர்வுகளை வேலையில் சேரும்வரை தள்ளிவைக்கலாம். பல நிறுவனங்கள் தம் ஊழியர்களின் தேர்வுக் கட்டணத்தைத் தாமே ஏற்கின்றன. கட்டணங்களும் சலுகைகளும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.