மகப்பேறின்மையும் ஆண்மக்கள் அறியாத ஒரு காரணமும்

விவாகமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத வீட்டில், முதலில் டாக்டரிடம் அழைத்துச் செல்லப்படுபவள் பெண். பழிச்சொல் கேட்பவளும் அவளே. இஃது அநீதி. இத்தகைய தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும், தனித்தோ பெண்ணின் குறையுடன் சேர்ந்தோ, காணப்படுகிறது. அக்குறைகளுள் எளிதில் கண்டறியத்தக்கதும் சிகிச்சைக்கு இடந்தருவதுமான ஒன்றைப் பற்றி அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறோம். அதற்கு ‘வேரிக்கோஸீல்’ என்று பெயர்.

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகளில் சிறு தடுப்பிதழ்கள் உள்ளன. உழவர்க்கு மதகுப் பலகையைச் சொன்னால் விளங்கும். பலகை சரிவர மூடாவிடில் நீர் பின்வாங்கித் தேங்குவது போல, இதழ்கள் பழுதுபட்டால் ரத்தம் கீழிறங்கித் தேங்க, சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. பெரும்பாலும் இஃது இடப்பக்கத்திலேயே தோன்றும். வலப்பக்கச் சிரை பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர, நீளமான இடப்பக்கச் சிரையோ சிறுநீரகச் சிரையில் செங்கோணமாகப் போய் முட்டுவதே காரணம். தறியில் அமர்ந்ததால் வந்தது என்று நெசவாளர் தம் தொழிலை நொந்துகொள்ள வேண்டா.

விரை உடலுக்கு வெளியே தொங்குவது வீணன்று. உடற்சூட்டினும் 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு குறைந்த சூட்டிலேதான் விந்தணுக்கள் செவ்வனே உண்டாகும். தேங்கிய ரத்தம் அக்குளிர்ச்சியைக் கெடுப்பதால் அவற்றின் தொகையும் ஓட்டமும் குன்றுகின்றன. சிலருக்கு விரையே சிறுத்துவிடுகிறது. கி. பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்ஸஸ் என்பார் இதைக் குறித்துவைத்தார். ஆயினும், விந்தணுவே இல்லாதிருந்த ஒருவர் சஸ்திர சிகிச்சைக்குப் பின் தந்தையானதை எடின்பரோ நகரத்து டல்லக் 1952-இல் வெளியிட்ட பிறகே வைத்திய உலகம் இதனைக் கருத்தூன்றி நோக்கலாயிற்று.

பலருக்கு நோவே இராது. சிலருக்கு, நாள் முழுதும் நின்று உழைத்த மாலையில் மந்தமான வலி எடுக்கும், படுத்தால் தணியும். நிற்கையில் தொட்டால் மண்புழுக்கள் திரண்டாற்போல் தென்படும். படுத்தும் வடியாத வீக்கம், வலப்பக்கத்தில் மட்டும் கண்ட வீக்கம், முதிர்ந்த வயதில் திடீரெனத் தோன்றிய வீக்கம் இவை வயிற்றினுள் உள்ள கட்டியின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும், உடனே காட்டுக.

ஆண்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு இக்குறை உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களே. ஆகவே வீக்கம் கண்ட அனைவருக்கும் கத்தி வேண்டியதில்லை. கையால் உணரத்தக்க வீக்கமும், விந்துப் பரிசோதனையிற் குறையும், மகப்பேறின்மையும் ஒருங்கே இருப்பின் டாக்டர் சிகிச்சையை யோசிப்பார். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை சேர்க்கையைத் தவிர்க்க வேண்டும். இப்பரிசோதனைக்கு ஆண்கள் கூசுவது, விந்துக் குறையையும் ஆண்மைக் குறைவையும் ஒன்றெனக் கருதுவதாலேயே. அவை வேறு வேறு.

சிகிச்சையில் அடிவயிற்றின் கீழே சிறிதே கீறி, பூதக்கண்ணாடியின் துணையால் பழுதான சிரைகளை மட்டும் கட்டிவிடுகின்றனர். சில வாரங்கள் நெல் மூட்டை முதலிய பாரம் தூக்கலாகாது. பலருக்கு விந்தின் தன்மை திருந்துகிறது, எல்லோருக்கும் அன்று. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிப்பதால், மூன்று மாதத்திற்குப் பின்னரே மறுபரிசோதனை செய்வர். மனைவிக்கு வயது 35-க்கு மேற்பட்டிருப்பின் அதுவரை காத்திருக்கலாமா என்பதை, இருவரும் சேர்ந்து சென்று முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நலம்.