பெயர் முந்தியா, மூக்கு முந்தியா?

1899இல் வெளியான ஒரு சோதனை. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் எட்வின் ஸ்லாசன், கூட்டத்தின் முன் ஒரு பாட்டிலோடு நின்றார். பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த பாட்டில். இந்த ரசாயனத்தை இங்கே யாரும் முகர்ந்திருக்க மாட்டீர்கள், நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாசனை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். மூக்குக்கு எட்டியதும் கை தூக்குங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சில் ஊற்றினார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

15 விநாடியில் முன்வரிசையில் பெரும்பாலோர் கை தூக்கிவிட்டார்கள். 40 விநாடிக்குள் அந்த 'வாசனை' கடைசி வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் முகர்ந்ததாகச் சொன்னார்கள். முன்வரிசையில் சிலர் நெடி தாங்காமல் எழுந்து வெளியேறப் பார்த்ததால், பேராசிரியர் சோதனையை அவசரமாக நிறுத்தினார்.

பாட்டிலில் இருந்தது காய்ச்சி வடித்த தண்ணீர்.

கூட்டத்தினர் பொய் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். மூக்கின் உள்கூரையில் சுமார் 400 வகை உணரிகள் இருக்கின்றன. (இந்த உணரிகளை உருவாக்கும் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.) உணரிகள் அனுப்பும் சேதி, மூக்குக்கு மேலே இருக்கும் மொட்டு போன்ற ஒரு நரம்புத் திரளுக்குப் போய், அங்கிருந்து மூளைக்குள் ஏறுகிறது. மூளையிலிருந்தும் அதே மொட்டுக்கு நரம்புகள் இறங்கி வருகின்றன. ஆக, சேதி உள்ளே வரட்டும் என்று மூளை காத்திருப்பதில்லை. வாசலுக்கே வந்து, 'யாரது?' என்று கேட்டுவிடுகிறது.

பதிலையும் சில நேரம் அதுவே சொல்லிக்கொள்கிறது. ஐசோவலெரிக் அமிலம் என்றொன்று உண்டு. நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சாக்ஸிலும் அதுதான், நன்கு பழுத்த பாலாடைக்கட்டியிலும் அதுதான். 2005இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இதை செடார் சீஸ் மணத்தோடு சேர்த்து முகரக் கொடுத்தார்கள். 'செடார் சீஸ்' என்ற எழுத்தைக் காட்டியபோது பிடித்திருந்த மணம், 'உடல் வாடை' என்று காட்டியதும் பிடிக்காமல் போனது. மணத்தின் இனிமையை எடைபோடும் மூளைப் பகுதியின் இயக்கமும் கூடவே மாறியது. நமக்கு இது புதிதில்லை: ஒரு காலத்தில் பூவுக்கும் 'நாற்றம்' இருந்தது, இன்று அப்படிச் சொன்னால் பூக்காரம்மா சும்மா விடமாட்டார்.

கண்ணும் இதில் கூட்டு. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேர் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள்.

ஊதுபத்தி ஏற்றிய அறையில் சற்று நேரம் இருந்தால் மணம் தெரியாமல் போகும், மூக்கு பழகிவிடுகிறது. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் பமீலா டால்டன் 1990களில், இந்தப் பழக்கமும் பெயரைப் பொறுத்து மாறுமா என்று சோதித்தார். ஒரே வாசனையைச் சிலரிடம் இயற்கைச் சாறு என்றும், சிலரிடம் கெடுதல் செய்யக்கூடிய ரசாயனம் என்றும் சொல்லிவைத்தார். முதல் கூட்டத்துக்கு நேரம் போகப் போக வாசனை மங்கியது. கெடுதல் என்று கேட்டவர்களுக்கு மங்கவே இல்லை.