ஆயத்தத்தை அளப்பது எவ்வாறு?

ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் மேற்கொண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே கேள்வியுற்றார்கள். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் அழைத்து ஆலோசித்து, மதீனாவுக்கே திரும்பினார்கள். உரிய வேளையில் செய்தி எட்டுதல், அறிந்தோரிடம் ஆலோசித்தல், எடுத்த முடிவை நிறைவேற்றுதல் ஆகிய மூன்றும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. நோய்ப் பேரிடருக்கான ஆயத்தம் என்பது இம்மூன்றேயாகும்.

இவ்வாயத்தத்தில் நாடுகள் எவ்வளவு முன்னேறியுள்ளன என்பதை அளக்க இன்று பல முறைகள் உள்ளன. 2005இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, பன்னாட்டு அபாயமாகக்கூடிய நோய் நிகழ்வை மதிப்பிட்டறிந்த 24 மணி நேரத்திற்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். தம் ஆயத்த நிலை குறித்து ஆண்டுதோறும் அரசுகளே அறிக்கை தருதலும் கடமையாகும். இது மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவதை ஒத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா விளைத்த பேரழிவு இக்குறையை உணர்த்தியது. எனவே 2016 முதல் வெளிநாட்டு வல்லுநர்களும் உள்நாட்டு அதிகாரிகளும் ஒருங்கிருந்து மதிப்பிடும் முறை ஏற்பட்டது. தடுப்பூசி, ஆய்வுக்கூடம், நோய்க் கண்காணிப்பு முதலிய துறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வழங்கப்படும். இலங்கை 2017இல் இம்மதிப்பீட்டை ஏற்றது. ஆயினும் இது கட்டாயமன்று. விரும்பும் நாடுகளே ஏற்கும்.

மதிப்பெண் மட்டும் போதுமா? 2019 அக்டோபரில் ஆய்வாளர்கள் வெளியிட்ட உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் 195 நாடுகளுள் அமெரிக்கா முதலிடம் பெற்றது. இந்தியா 57ஆம் இடம் பெற்றது. சில மாதங்களிலேயே கொரோனா பரவிற்று. முதலிடம் பெற்ற அந்நாடு அத்தொற்றில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. ஆய்வுக்கூடங்களை எண்ணிவிடலாம். ஆள்வோரின் உறுதியையும், அவர்கள் சொல்லில் மக்கள் வைக்கும் நம்பிக்கையையும் எண்ணுவது எளிதன்று. இதனாலேயே ஒத்திகைகளும், நிகழ்வுக்குப் பிந்தைய மீளாய்வும் மதிப்பீட்டின் பகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன.

நம் கடலூர் மாவட்டமே இதற்கொரு சான்றாகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், முகாம்களில் நெருக்கமும் மாசடைந்த நீரும் நோய்க்கு இடந்தருமோ என்ற அச்சம் நிலவியது. ஆனால் பெருந்தொற்று எதுவும் மூளவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித்துறையும், 1939 முதலே அதற்கெனத் தனிச்சட்டமும் கொண்டது தமிழகம். அத்துறையினர் குடிநீரில் குளோரின் கலந்தனர். முகாம்களில் நோய்களைக் கண்காணித்தனர். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இட்டனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவளித்து ஆதரித்தனர். அண்டை வீட்டாரின் இத்தகைய உதவியை எந்த மதிப்பெண் முறை முழுமையாக அளக்கவல்லது?

ஆகவே நாட்டின் ஆயத்தம் தலைநகரின் அறிக்கையோடு முடிவதன்று. மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர் வரை அது வந்துசேர வேண்டும். நம் தெருவில் காய்ச்சல் பரவினால் முதலில் அறிபவர் யார், அவர் யாரிடம் சொல்வார், சொன்னபின் செயற்படுபவர் யார்? இவ்வினாக்களுக்கு அமைதியான காலத்திலேயே விடை கண்டு வைத்துள்ள ஊரே ஆயத்தமான ஊர் எனலாம்.