ஓசையற்ற படகுகளும் நீரின் தடையும்

மாலை நேரத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்பவர்கள், விளக்குகள் ஒளிரக் கடந்து செல்லும் பம்போட்டுகளைக் காண்பார்கள். ஒரு காலத்தில் இவற்றை ஒத்த தொங்கான்கள் சரக்கு மூட்டைகளைச் சுமந்து, புகை கக்கியபடி இந்த ஆற்றில் நெருக்கியடித்து நின்றன. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியின்போது, 1983இல், அவை பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாற்றப்பட்டன. இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பம்போட்டுகள் மின்மோட்டாரால் இயங்குகின்றன. ஆறும் மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. குடிநீராகப் போகும் நீரில் எண்ணெய் கசியாத படகு ஓடுவது பொருத்தமே.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செந்தோசா கோவுக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. அங்குள்ள மரினாவில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் வெண்ணிற உல்லாசப் படகுகளில் மிகப் பெரும்பாலானவை டீசலையோ பெட்ரோலையோ நம்பியிருப்பவை. ஆற்றுப் படகுக்குக் கைகூடிய மாற்றம் கடற்படகுக்கு ஏன் எளிதில் கைகூடவில்லை? சாலையில் மின்கார்கள் பெருகிவிட்ட காலத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு.

இது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2030ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் துறைமுக நீர்ப்பரப்பில் புதிதாக இயங்கத் தொடங்கும் துறைமுகப் படகுகளும் இழுவைப் படகுகளும் உல்லாசப் படகுகளும் முழுமையாக மின்சாரத்தால் இயங்க வேண்டும். அல்லது நூறு விழுக்காடு உயிரி எரிபொருளை ஏற்க வேண்டும். அல்லது ஹைட்ரஜன் போன்ற எரிபொருள்களுக்கு ஏற்றவையாக அமைய வேண்டும் எனச் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்துள்ளது. இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் பணிக்குச் செல்லும் நாளில் இவ்விதி நடைமுறையில் இருக்கும். படகு வடிவமைப்பாளர், பழுதுபார்ப்பவர், மரினாவின் மின்பொறியாளர் எனப் பலரது வேலையையும் அது மாற்றியமைக்கும்.

மின்படகு புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1839இல் யக்கோபி என்னும் அறிவியலாளர், பதினான்கு பேர் அமர்ந்த படகொன்றைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் நேவா ஆற்றில் மின்கலத்தின் துணையால் ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியின் கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்படகுகள் பயணிகளைச் சுமந்து வருகின்றன. ஆகவே, மோட்டாரில் குறை இல்லை. தடையாக நிற்பது நீர்.

காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஒரு தொட்டி நீரில் கையை மெல்ல இழுத்தும் விரைந்து இழுத்தும் பார்க்கும் மாணவர் இதைச் சூத்திரமின்றியே உணர்ந்துகொள்வார். வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். படகுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஓடும்போது அது தானே அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் படகு, தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏற வேண்டியதாகிறது. ஒன்பது மீட்டர் நீளமுள்ள சாதாரணப் படகுக்கு அக்கட்டம் மணிக்கு ஏறத்தாழ ஏழு கடல்மைல் வேகத்தில் வந்துவிடும். ஆற்றுப் பம்போட்டு அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. விரைவுப் படகோ அதைத் தாண்டி நீரின்மேல் எழுந்து ஓட முனைகிறது. அதற்காகச் செலவாகும் ஆற்றல் மிகப் பெரிது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 லிட்டர் டீசலில் சுமார் 2,000 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. இயந்திரம் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கினாலும் எழுநூறுக்கு மேல் பயனாகக் கிடைக்கும். அதே பயனை இன்றைய லித்தியம் மின்கலங்களிலிருந்து பெற வேண்டுமானால் அவற்றின் எடை ஏறத்தாழ 5 டன் இருக்கும். சிறிய உல்லாசப் படகொன்றின் மொத்த எடையே அவ்வளவு இராது. மேலும், ஓட ஓட டீசல் தீர்ந்து படகு இலேசாகும்; மின்கலம் தீர்ந்தாலும் அதன் எடை குறைவதில்லை.

ஆகவே, இத்துறையில் இன்று நடக்கும் புதுமைகள் பலவற்றையும் நீரின் தடையிலிருந்து தப்பும் முயற்சிகளாகக் காணலாம். முதல் வழி, மெதுவாகச் செல்வது. இரண்டாவது, நீரைக் கிழிக்கும் உடலை மெலிதாக்குவது. ஒரே அகன்ற உடலுக்குப் பதிலாக இரண்டு குறுகிய உடல்களை இணைத்தால் அலை சிறிதாகும். மேலே அகன்ற கூரையும் கிடைக்கும். அதில் சூரியத் தகடுகளைப் பதிக்கலாம். கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ என்னும் 75 பேர் செல்லும் சூரியப் படகு இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய படகை உலகம் ‘கேட்டமரான்’ என்றழைக்கிறது. நம் கட்டுமரமே ஆங்கிலத்தில் அவ்வாறு உருமாறிற்று என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் மகிழ்ந்து சொல்லலாம். ஆனால் சொல் மட்டுமே நம்முடையது. இரட்டை உடல் வடிவம் பசிபிக் தீவுகளின் கடலோடிகளிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மூன்றாவது வழியே வியப்புக்குரியது. படகின் அடியில், விமான இறக்கை போன்ற நீர்ச்சிறகைப் பொருத்துவர். குறிப்பிட்ட வேகத்தில் அது தரும் தூக்குவிசையால் படகின் உடல் முழுவதும் நீரைவிட்டு மேலெழும். மெல்லிய சிறகும் அதைத் தாங்கும் தண்டுகளும் மட்டுமே நீருக்குள் இருக்கும். இதுவும் பழைய எண்ணமே. 1906இல் இத்தாலியரான ஃபோர்லானினி இத்தகைய படகை ஓட்டினார். தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல்லும் அவருடைய துணைவர் பால்ட்வினும் உருவாக்கிய படகு, 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அக்காலத்தில் இல்லாதிருந்தது, அலைக்கேற்பச் சிறகின் கோணத்தை நொடிக்குப் பலமுறை திருத்தும் கணினி. உணர்கருவிகள் மலிவான பின்னரே இந்த எண்ணம் சிறு படகுகளில் பரவத் தொடங்கியது. சுவீடனின் கண்டேலா நிறுவனத்தின் எட்டரை மீட்டர்ப் படகு, 69 கிலோவாட்-மணி மின்கலத்துடன், மணிக்கு 22 கடல்மைல் வேகத்தில் 57 கடல்மைல் தொலைவு செல்லும் என்பது அந்நிறுவனம் தரும் கணக்கு. அந்த மின்கலம் ஒரு மின்காரின் மின்கலமே. அதே நிறுவனத்தின் 30 இருக்கைப் படகு 2024இல் ஸ்டாக்ஹோமின் பொதுப் போக்குவரத்தில் சேர்ந்தது.

ஆனால் ஸ்டாக்ஹோமின் குளிர்ந்த நீரும் நம் நீரும் ஒன்றல்ல. வெப்பக் கடலில் சிப்பியும் பாசியும் விரைவாகப் பற்றும். சிறகின் வழவழப்புக் கெட்டால் தூக்குவிசையும் கெடும். மிதக்கும் மரக்கட்டையும் நெகிழிக் குப்பையும் வேறு இருக்கின்றன. எனவே, நீர்ச்சிறகு இங்கே எல்லாருக்குமான தீர்வாகிவிடும் என்று நான் நம்பவில்லை. தூய்மையாகப் பேணப்படும் வழித்தடங்களில் அது நிலைபெறக்கூடும்.

படகு மாறினால் மரினாவும் மாற வேண்டும். மரினாக்களின் மின்தூண்கள் பெரும்பாலும், கட்டி நிறுத்தியிருக்கும் படகின் விளக்குக்கும் குளிரூட்டிக்குமெனத் திட்டமிடப்பட்டவை. 32 ஆம்பியர் இணைப்பு ஒன்று ஏழு கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். மேற்சொன்ன மின்கலத்தை நிரப்ப அதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். வார நாள்களில் சும்மா நிற்கும் படகுக்கு அதுவே போதும். ஞாயிறு மாலை திரும்பும் நாற்பது படகுகளும் 50 கிலோவாட் விரைவு மின்னேற்றத்தை ஒருசேரக் கேட்டால் 2,000 கிலோவாட் வேண்டியிருக்கும்! ஆகையால், யாருக்கு எப்போது எவ்வளவு எனப் பங்கிடும் மென்பொருளும், பகலில் நிரம்பி மாலையில் தரும் பெரிய மின்கலத் தொகுதிகளும் மரினாவின் உறுப்புகளாகி வருகின்றன. உப்புநீருக்கு அருகே உயர் மின்னழுத்தம் என்பதால் தீயணைப்பு முறைகளையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

பழைய படகுகளின் நிலை வேறு. கண்ணாடியிழையால் ஆன படகுடல் பல பதிற்றாண்டுகள் உழைக்கும். அதை உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. நல்ல உடலை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் மாற்றுவதில் இங்குப் பொருள் உண்டு. இம்மாற்றம் எளிதாகப் பொருந்துவது பாய்மரப் படகுகளுக்கே. மரினாவைவிட்டு வெளியேறவும் திரும்பி உள்ளே நுழையவும் மட்டுமே பெரும்பாலும் அவற்றுக்கு இயந்திரம் தேவை. அதுவும் மிக மெதுவாக. பாய் விரித்து ஓடும்போது நீரின் ஓட்டத்தில் தானே சுழலும் உந்துசக்கரம், சில படகுகளில் மின்கலத்தைச் சிறிதளவு நிரப்பவும் செய்கிறது.