மாலைப் பொழுதும் தேனீப் பெட்டியும்

குடியானவனுடைய பகற்பொழுது நிலத்திற்கே உரியது. ஏரும் நீரும் ஆளும் அதைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பொழுது சாய்ந்து, கால்நடைகளைத் தொழுவத்திற் கட்டிய பின்னர், இராச் சாப்பாட்டிற்கு முன்பாக உள்ள இரண்டொரு மணி நேரமே அவனுக்குச் சொந்தமானது. அந்நேரம் பல வீடுகளில் திண்ணைப் பேச்சிலும், சீட்டாட்டத்திலும், அயலாருடைய வழக்கு வியாஜ்யங்களைப் பற்றிய விசாரத்திலும், இந்நாளில் தொலைக்காட்சியின் முன்பும் கழிந்து போகிறது. உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் ஓய்வையும் இன்பத்தையும் ஒருங்கே தந்து, முதியோர், பெண்டிர், சிறுவர் யாவரையும் ஓரிடத்திற் சேர்த்து, நிலத்தின் விளைச்சலுக்கும் துணை செய்கின்ற ஒரு பொழுதுபோக்கு உண்டாயின் அதை மேற்கொள்ளுவதே புத்திசாலித்தனமாகும். தோட்டத்தில் இரண்டு பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்த்தல் அத்தகையது.

இங்கே கூறப்படுவது பெரிய வியாபாரத்தைப் பற்றியதன்று. இரண்டு பெட்டிகளைக் கொண்டு எவரும் செல்வந்தராகி விட முடியாது. அவை வீட்டுக்கு வேண்டிய தேனைத் தரும். அதைவிட மேலாக, கவனித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தரும்.

மாலை வேளையின் அனுகூலம்

தேனீ வளர்ப்பில் முக்கியமான வேலைகள் பல மாலையிலேயே செய்யத் தக்கவை. பகலெல்லாம் வெளியில் திரிந்த ஈக்கள் சூரியன் அஸ்தமிக்கும் சமயத்தில் கூடு திரும்பி விடுகின்றன. பிடித்து வந்த புதுக்கூட்டத்தைப் பெட்டியிற் குடியேற்றுவதற்கு அந்நேரமே ஏற்றது. பகலில் குடியேற்றினால் கூட்டம் மறுபடியும் எழுந்து பறந்து போகக்கூடும். பெட்டியை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குக் கொண்டு செல்வதும் இருட்டிய பிறகுதான். பஞ்ச காலத்தில் ஊட்டப்படும் சர்க்கரைப் பாகைப் பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டியின் ஈக்கள் வாசனை பிடித்துக் கொள்ளையிட வரும். மாலையில் வைத்தால் இரவுக்குள் உரிய கூட்டமே அதை உண்டு தீர்த்து விடும்.

பெட்டியைத் திறந்து சோதிப்பதை மட்டும் இருட்டுவதற்கு முன்பாக, வெயில் தணிந்தவுடன் முடித்துவிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பெட்டியைத் திறத்தல் கூடாது; ஈக்கள் வெளியேறி விளக்கில் மோதி மடியும். இதே காரணத்தால் திண்ணை விளக்கின் ஒளி நேராகப் படுகின்ற இடத்தில் பெட்டியை வைப்பதும் தவறாகும்.

எந்தத் தேனீ?

நம் நாட்டில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்பவை யாவரும் அறிந்தவை. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளியில் ஒற்றை அடை கட்டுபவை; அவற்றைப் பெட்டியில் அடக்க இயலாது. கொசுத்தேனீயைச் சிறு பெட்டியிலும் மூங்கிலிலும் வளர்க்கலாமெனினும் அது தரும் தேன் மிகவும் சொற்பம். மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டி வாழும் அடுக்குத்தேனீயே வீட்டில் வளர்க்க உகந்தது. இதனை இந்தியத் தேனீ என்றும் கூறுவர். இத்தாலியத் தேனீ இதைவிட மிகுதியாகத் தேன் தருமெனினும், பூக்கள் நிறைந்த இடங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டு சென்று வைக்கக் கூடியவர்களுக்கே அது ஏற்றது.

பெட்டியின் அமைப்பு

1851-ஆம் வருஷத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த லாங்ஸ்டிராத் என்னும் பாதிரியார் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். ஈக்கள் நடமாடுவதற்கு வேண்டிய அளவு இடைவெளியை அவை அடையால் அடைப்பதுமில்லை, பிசினால் மூடுவதுமில்லை. அந்த இடைவெளி சுமார் 3/8 அங்குலம். இதனை அடிப்படையாகக் கொண்டே, அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடியும் வைக்கக்கூடிய சட்டப் பெட்டிகள் தோன்றின. நம் நாட்டுத் தேனீ உருவிற் சிறியதாகையால் அதற்கேற்ற சிறு பெட்டியை வணக்கத்திற்குரிய நியூட்டன் பாதிரியார் அமைத்து, 1911 முதல் 1917 வரையில் தென்னிந்தியக் கிராமவாசிகள் பலருக்கு இத்தொழிலைக் கற்பித்தார். அவர் பெயராலேயே அது நியூட்டன் பெட்டி என்று இன்றும் வழங்குகிறது.

இப்பெட்டியில் அடிப்பலகை, ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த சட்டங்கள் கொண்ட தேன் அறை, மேல்மூடி ஆகியவை உண்டு. சட்டத்தின் மேற்கட்டை 7/8 அங்குல அகலமும், இரண்டு கட்டைகளின் நடுவே 3/8 அங்குல இடைவெளியும் இருத்தல் வேண்டும். இந்த அளவு தவறினால் ஈக்கள் அடைகளைக் குறுக்கே கட்டிப் பிணைத்துவிடும். பெட்டி பெட்டியாக உதவாது, வெறும் பொந்தாகி விடும். தச்சு வேலையில் கை பழகியவர்கள் மழைக்கால மாலைகளில் சட்டங்களைத் தாமே அறுத்துச் சேர்த்துக் கொள்ளலாம். முதற்பெட்டியை மட்டும் சரியான அளவுள்ளதாக விலைக்கு வாங்கி, அதையே மாதிரியாக வைத்துக் கொள்வது நலம்.

கூட்டத்தைக் குடியேற்றுதல்

மரப்பொந்திலுள்ள கூட்டத்தை எடுக்கும்போது முதலில் இலேசாகப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். புழுவும் முட்டையும் உள்ள அடைகளைச் சட்டத்தினுள் பொருத்தி வாழைநாரினாற் கட்டிப் பெட்டியில் வைத்து, ராணி அகப்பட்டதா என்பதைப் பார்த்துக் கொள்ளல் அவசியம். ராணி உள்ளே சென்றுவிட்டால் மற்ற ஈக்கள் தாமாகவே பின்தொடரும். சில நாட்களில் அவை நாரைக் கடித்து வெளியே தள்ளி, அடையை மெழுகினாற் சட்டத்தோடு ஒட்டிவிடுவது காணத்தக்க காட்சியாகும்.

பெட்டியை நிழலான இடத்தில், வாசல் கிழக்கு நோக்கியிருக்குமாறு, கால்கள் உள்ள தாங்கியின்மேல் வைத்து, கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். எறும்பு ஏறாதிருக்க இதுவே எளிய வழி.

கொட்டிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அமைதியாகக் கையாண்டால் அடுக்குத்தேனீ எளிதிற் கொட்டுவதில்லை. கொட்டிய இடத்தில் தங்கிய கொடுக்கை உடனே நகத்தினாற் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆனால் கொட்டியவுடன் உடலெங்கும் தடிப்பு உண்டாகி மூச்சு முட்டுகிறவர்களைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அத்தகையோர் பெட்டியருகே செல்லாதிருத்தல் நலம்.

வீட்டார் யாவர்க்கும் வேலை

பெட்டிக்குச் சில அடி தூரத்தில், வாசலுக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்தால் போதும். வெயில் சாயும் வேளையில், ஐந்து நிமிஷத்திற்குள் எத்தனை ஈக்கள் காலில் மகரந்தத்தோடு உள்ளே நுழைகின்றன என்பதைச் சிறுவர்கள் எண்ணலாம். மகரந்தத்தின் நிறத்தைக் கொண்டு இன்ன பூவிலிருந்து வந்ததென்று ஊகிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகும். மகரந்தம் தடையின்றி வருமாயின் ராணி முட்டையிட்டு வருகிறாளென்று பெரும்பாலும் கொள்ளலாம். வரவு குன்றினால் அடுத்த நாள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பூக்காலத்தில் இருட்டிய பிறகும் பெட்டியிலிருந்து இரைச்சல் கேட்கும். வாசலில் ஈக்கள் வரிசையாக நின்று இறகை வீசி, அன்று கொண்டு வந்த பூந்தேனிலுள்ள நீரை ஆவியாக்கிக் கொண்டிருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டும் மணத்தை முகர்ந்தும், பெட்டியைத் திறவாமலே கூட்டத்தின் நிலைமையை அறிவதற்கு வீட்டிலுள்ள முதியவர்கள் சில நாட்களிற் பழகி விடுவர்.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் நாள்தோறும் ஓரிரு வரி எழுதி வைப்பது உத்தமம். எந்த மாதத்தில் எந்த மரம் பூத்தது, எப்போது தேன் ஏறிற்று, எப்போது பஞ்சம் வந்தது என்பன ஓராண்டில் தெளிவாகும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுகிறது. வேம்பு, புங்கு, புளி, நாவல், முருங்கை, இலவம், எள், கொத்தமல்லி, சூரியகாந்தி முதலியன அதனதன் பருவத்தில் உதவுகின்றன. கன்னியாகுமரி ஜில்லாவில் இலையுதிர்ந்து தளிர் விடும் காலத்தில் ரப்பர் மரத்தின் இலைக்காம்பிலேயே தேன் சுரக்கிறது. முற்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1920-களில் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பையும் ஒரு வீட்டுத் தொழிலாகக் கற்பித்தது. அவ்வூர்த் தேன் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

பூவில்லாத மாதங்களில் ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாக மாலையில் ஊட்ட வேண்டும். பட்டினி கிடக்கும் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிப் போகும். பல பெட்டிகள் வெறுமையாவதற்குக் காரணம் இதுவே.

பகைகளும் நோயும்

எறும்பு, கதண்டு, பஞ்சுருட்டான் குருவி ஆகியவை வெளிப்பகைகள். உள்ளே வரும் பகை மெழுகு அந்துப்பூச்சி. அதன் புழு அடையைத் துளைத்து நூலாற் பின்னி நாசம் செய்யும். வலுவான கூட்டம் அதனை உள்ளே விடாது; ஈக்கள் குறைந்த கூட்டத்தில் காலி அடைகளை விட்டு வைப்பதே அதற்கு இடங்கொடுப்பதாகும். வாரத்திற்கொரு முறை அடிப்பலகையைச் சுத்தம் செய்தால் இதன் தொல்லை பெரிதும் குறையும்.

இவற்றினும் கொடியது 1991, 1992-ஆம் வருஷங்களில் தென்னிந்தியாவில் பரவிய தாய் பை நோய். வைரஸினால் உண்டாகும் இந்நோயில், புழுவின் உடல் நீர் நிறைந்த பைபோலாகி, தலை நிமிர்ந்தபடியே மடிந்து கிடக்கும். இதனால் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. தேன் வருமானத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் பல அதனை இழந்தன. தப்பிய கூட்டங்களிலிருந்தே தேனீ வளர்ப்பு மறுபடியும் தலையெடுத்தது. இந்நோய்க்கு மருந்து கிடையாது. அடையை வாரந்தோறும் பார்ப்பவன் நோயுற்ற முதற் புழுக்களைக் கண்டு, அப்பெட்டியைத் தனியே ஒதுக்கி, அடைகளை எரித்து, அங்கே தொட்ட கருவியை வேறு பெட்டியிற் படவிடாமற் காக்கலாம். தேன் எடுக்கும் நாளில் மட்டும் பெட்டியைத் திறப்பவனுக்கு வெறும் பெட்டியே மிஞ்சும்.

நிலத்திற்கு வரும் நன்மையும், நிலத்திலிருந்து வரும் தீமையும்

பூசணி, சுரை, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அவற்றின் பிசுபிசுப்பான மகரந்தம் காற்றினாற் செல்லாது. ஈயோ வண்டோ கொண்டு சென்றாலன்றிக் காய் பிடிக்காது. போதிய ஈக்கள் வராத பூவின் பிஞ்சு வெம்பி உதிரும், அல்லது கோணலாக வளரும். சூரியகாந்தியில் பதர் மிகுவதற்கும் ஈக்குறைவு ஒரு காரணமாகும். ஆதலின் தேனைக் காட்டிலும் பெரிய லாபம் தோட்டத்திலேயே கிடைக்கிறது.

அதே தோட்டத்தில் தெளிக்கப்படும் பூச்சி மருந்துதான் இன்று தேனீக்கு முதற்பகை. தேனீ சுமார் ஒரு மைல் தூரம் வரையிற் சென்று மேய்கிறது. அதற்கு வரப்பும் பட்டாவும் தெரியா. ஒருவர் எவ்வளவு கருத்தாக வளர்த்தாலும், அண்டை நிலத்துக்காரர் காலை வேளையில் பூத்த பயிர்மீது மருந்தடித்தால் மாலையில் பெட்டியின் வாசலில் ஈக்கள் குவியலாக மடிந்து கிடக்கும். ஆகையால் மிகவும் அவசியமானாலொழியப் பூக்கும் பயிருக்கு மருந்திடலாகாது. இட வேண்டியிருந்தால் ஈக்கள் கூடு திரும்பிய பின், மாலையில் தெளிக்க வேண்டும். தூள் மருந்து நீர் மருந்தைக் காட்டிலும் ஈக்களுக்கு அதிகக் கெடுதி செய்வது. பயிரினுள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் தங்குகின்ற மருந்துகளுக்கு மாலைத் தெளிப்பும் முழுப் பாதுகாப்பாகாது. அத்தகைய மருந்துகளில் மூன்றினைத் திறந்த வெளியில் உபயோகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது இதனால்தான்.

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளின் உதவி பெரிதும் வேண்டற்பாலது. மருந்தடிக்கும் நாளை முதல் நாளே தெரிவிக்கும் வழக்கத்தை ஊரில் ஏற்படுத்தினால், பெட்டி வைத்திருப்போர் அன்று காலை வாசலை வலைக்கம்பியால் அடைத்து, உள்ளே நீரும் காற்றும் கிடைக்கச் செய்து கூட்டத்தைக் காத்துக் கொள்வர். பொது நிலத்திலும் ஏரிக்கரையிலும் புங்கு, நாவல், புளி முதலிய மரங்களை நட்டுக் காப்பதும் அவர்களால் ஆகக்கூடிய காரியமே.

தேன் எடுத்தல்

தேன் அறையிலுள்ள அடையில் முக்காற்பங்கு கண்ணறைகள் மெழுகினால் மூடப்பட்ட பின்னரே தேன் எடுக்க வேண்டும். மூடாத அடையின் தேன் நீர் மிகுந்து விரைவிற் புளித்துவிடும். அடையைப் பிழிதல் பழைய வழக்கம்; அதனாற் புழுவும் அழுக்கும் தேனிற் கலப்பதோடு, ஈக்கள் மறுபடியும் அடை கட்ட மிகுதியான தேனைச் செலவிட நேரிடுகிறது. மெழுகு மூடியைக் கத்தியாற் சீவி, சுழலும் இயந்திரத்தில் வைத்துத் தேனை எடுத்தபின் அடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சமவெளியில் நன்றாகக் கவனிக்கப்படும் பெட்டி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 5 கிலோ தேன் தரக்கூடும். புழு அறையின் தேனைத் தொடுதலாகாது. அது கூட்டத்தின் களஞ்சியம். விதை நெல்லை உண்ணாத குடியானவனுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தொழிலைக் கற்க விரும்புவோருக்குக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அளிக்கப்படுகிறது. தொடங்குவோர் ஒன்றைத் தவிர்த்து இரண்டு பெட்டிகளோடு தொடங்குதல் நலம். ஒன்றின் நிலைமையை மற்றொன்றோடு ஒப்பிட்டு அறியலாம், ஒன்று ராணியை இழந்தால் மற்றொன்றின் முட்டையடையைக் கொடுத்து உதவலாம். மாலையில் ஒரு நாழிகைப் பொழுதைத் தேனீப் பெட்டியின் அருகிற் செலவிடும் குடும்பத்தில், நிலத்தில் நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் சிறுவரிடத்தும் தானே வளரும். அப்பழக்கம் தேன் வற்றிய மாதங்களிலும் பயன் தருவதாகும்.