மன நலமும் ஊர்க் கூட்டங்களும்

1950களில் அமிருதசரஸ் மனநோய் மருத்துவமனையின் வளாகத்தில் ஒரு புதுமையான காட்சி காணப்பட்டது. கட்டடங்களுக்கு வெளியே கூடாரங்கள் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் நோயாளிகளுடன் அவர்களுடைய பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோர் முதலிய உற்றாரும் தங்கியிருந்தனர். மனநோயாளியை மருத்துவமனை வாயிலில் ஒப்படைத்துவிட்டு உறவினர் திரும்பிச் செல்வதே வழக்கமாக இருந்த காலம் அது. சென்றவர்களுள் பலர் மீண்டும் வருவதில்லை. மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர் இவ்வழக்கத்தை மாற்ற முற்பட்டார். உறவினரை உடன் தங்கச் செய்தார். அவர்களை ஒன்றுகூட்டி, நோயின் தன்மையையும் நோயாளியிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் அவர்கள் அறிந்த சமயக் கதைகளின் வாயிலாக விளக்கிவந்தார்.

இதனால் நோயாளிகள் விரைவில் தேறி வீடு திரும்பினர். மற்றொரு பலனும் விளைந்தது. ஊருக்குத் திரும்பிய ஒவ்வொரு குடும்பமும், மனநோய் சிகிச்சையால் தணியக்கூடியது என்னும் செய்தியைத் தன்னுடன் எடுத்துச் சென்றது. அதற்குச் சான்றாகத் தேறிய நோயாளியே ஊரார் கண்ணெதிரே நடமாடினார். நம் நாட்டில் மன நலத்தைப் பற்றிய பொதுக்கல்வியின் தொடக்கங்களுள் ஒன்றாக இம்முயற்சியைக் கருதலாம்.

இன்று இத்தகைய கல்விக்கென நாள்களும் விழாக்களும் ஏற்பட்டுள்ளன. 1992ஆம் ஆண்டிலிருந்து அக்டோபர் 10ஆம் நாள் உலக மனநல நாளாக அனுசரிக்கப்பட்டு வருகிறது. அன்று பள்ளிகளில் ஊர்வலங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டங்களும் நடைபெறுகின்றன; சொற்பொழிவுகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் குறைவில்லை. எனினும், கூட்டம் கலைந்த பின் என்ன நிகழ்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ஒருவர் அதன் பயனாகச் சிகிச்சைக்கு வந்தாரா? வந்தவருக்கு உதவி கிடைத்ததா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கூற இயலுமாயின், அக்கூட்டம் பயனுடையது.

நோயின் அளவும் மறைவும்

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோருள் 10.6 சதவீதத்தினர் ஆய்வுக் காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுக்கு உட்பட்டிருந்தனர் என்று அதில் தெரியவந்தது. இதைவிடக் கவலைக்குரியது மற்றொரு புள்ளி. மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களுள் சுமார் 85 சதவீதத்தினரும், கடுமையான மனநோய் உள்ளவர்களுள் சுமார் 74 சதவீதத்தினரும் சிகிச்சை பெறவில்லை. அதாவது, மனச்சோர்வுற்ற ஒருவர் மருத்துவரிடம் செல்வதற்குள் ஐந்தாறு பேர் செல்லாமலே இருந்துவிடுகின்றனர்.

இதற்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே முழுக் காரணமாகாது. உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நோயின் அறிகுறிகள் என்பதைப் பலர் அறியார். அவற்றைச் சோம்பல் என்றோ விதி என்றோ எண்ணி விட்டுவிடுகின்றனர். கடுமையான நோயை அறிந்துகொண்ட குடும்பத்தையோ வெட்கம் தடுக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று வெளியில் தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும் என்ற அச்சத்தால் அண்ணனின் நோய் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்படுவதுண்டு.

மறைப்பதன் விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை ஏர்வாடி நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்தியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை; 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய உறவினரே. நோயாளியிடம் அன்பில்லாமையால் அவ்வாறு செய்தனர் என்று கூறிவிட முடியாது. வேறு வழி உண்டு என்று அவர்களுக்கு எடுத்துக் கூறுவோர் இல்லை.

கிராமத்தில் நடைபெற்ற சோதனைகள்

மருத்துவமனையை விட்டுக் கிராமத்திற்குச் செல்லும் முயற்சி 1975ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் தொடங்கிற்று. சண்டீகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் அரியானா மாநிலத்து ராய்ப்பூர் ராணி வட்டாரத்தைத் தேர்ந்துகொண்டது. பெங்களூர் நிலையம் அந்நகருக்கு அருகிலுள்ள சகலவாரா என்னும் கிராமத்தில் பணியை மேற்கொண்டது. ஏற்கெனவே அம்மை தடுப்புக்கும் தாய்சேய் நலத்திற்கும் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியரே, சிறிது பயிற்சி பெற்றால், மனநோயாளிகளையும் அடையாளம் காண முடியும் என்பது இச்சோதனைகளால் தெளிவாயிற்று.

இவ்வனுபவங்களின் அடிப்படையில் 1982ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு மாவட்டம் முழுவதிலும் அது இயலுமா என்பதைக் கர்நாடகத்துப் பெல்லாரி மாவட்டம் 1985ஆம் ஆண்டு முதல் சோதித்துக் காட்டியது. அப்போது அங்கு மக்கள் தொகை சுமார் 20 லட்சம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. இன்றியமையாத சில மருந்துகள் அந்நிலையங்களிலேயே கிடைக்குமாறு செய்யப்பட்டது. பெல்லாரியை முன்மாதிரியாகக் கொண்டு 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. இன்று அது 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது.

இச்சோதனைகள் தரும் பாடம் எளியது. அருகில் மருந்தும் மருத்துவரும் இருந்தால்தான் பிரசாரம் பயன் தரும். செல்ல இடமில்லாத மக்களிடம் நோயின் அறிகுறிகளை மட்டும் கூறுவது அவர்களுடைய அச்சத்தைப் பெருக்குவதிலேயே முடியும்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு

ஆசிரியரின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு அண்டை நாடான பாகிஸ்தானில் ஒரு சான்று உண்டு. இராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1998ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில பள்ளிகளில் நான்கு மாத காலம் மனநலக் கல்வி அளிக்கப்பட்டது; வேறு சில பள்ளிகள் ஒப்பீட்டிற்காக அக்கல்வியின்றி விடப்பட்டன. பின்னர் மாணவர்களை மட்டுமன்றி அவர்களுடைய பெற்றோரையும், பள்ளிக்குச் செல்லாத நண்பரையும், அண்டை வீட்டாரையும் ஆய்வாளர் வினவினர். கல்வி அளிக்கப்பட்ட பள்ளிகளைச் சார்ந்த இந்நான்கு வகையினரிடத்தும் மனநோயைப் பற்றிய அறிவு வளர்ந்திருந்தது. வகுப்பில் கேட்டதை மாணவர் வீட்டிலும் தெருவிலும் கூறியதால் விளைந்த பயன் இது. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின் நாற்பது வீடுகளின் கதவுகள் ஆசிரியருக்குத் திறந்திருக்கின்றன எனலாம்.

கண்டறிந்தவரின் சொல்

கூட்டத்தில் யார் பேசுவது என்பதும் ஆராயத்தக்கது. ஆந்திரப் பிரதேசத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்துக் கிராமங்களில் மனநோய் பற்றிய இழிவெண்ணத்தைப் போக்க ஓர் இயக்கம் நடத்தப்பட்டது. துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, நாடகம், நோயினின்று மீண்டவரின் அனுபவ உரை ஆகிய பல முறைகள் கையாளப்பட்டன. அதன் ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உதவி நாடுவதைத் தடுக்கும் வெட்கம் குறைந்திருந்தது. நாடகமும், நோயுற்றவரின் அனுபவத்தைக் கேட்டலுமே மிகுந்த பயன் தந்தவையாகக் காணப்பட்டன.

மூளையின் இரசாயன மாறுதல்களைப் பற்றி மருத்துவர் ஒரு மணி நேரம் விளக்கினாலும், கேட்போர் மனத்தில் ஓர் ஐயம் எஞ்சி நிற்கும்: இது உண்மையில் குணமாகுமா? "மூன்று ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வராதிருந்தேன், மருந்து உண்டேன், இப்போது மீண்டும் வயலுக்குச் செல்கிறேன்" என்று ஒருவர் எழுந்து கூறுவாராயின் அவ்வையம் நீங்குகிறது. அமிருதசரஸிலிருந்து வீடு திரும்பியோர் தம் ஊர்களில் செய்ததும் இதுவே.

கூட்டத்தை நடத்தும் முறை

களப்பணியாளரும் ஆசிரியரும் ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்யுமுன் முடிக்க வேண்டிய வேலைகள் சில உள. மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற மருத்துவர் எந்த நிலையத்தில், எந்தக் கிழமையில் இருப்பார் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தேவையான மருந்துகள் இருப்பில் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். ஆஷா ஊழியர், அங்கன்வாடி ஊழியர், ஊராட்சித் தலைவர் ஆகியோரை முன்னதாகவே கலந்துகொள்வது நலம். அறுவடைக் காலத்தையும் சந்தை நாளையும் தவிர்த்து, பெண்களும் வரத்தக்க வேளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நிகழ்ச்சி அவ்வப்பகுதி மக்களுக்குப் பழகிய கலைவடிவில் அமைதல் நன்று. ஆந்திரத்தில் புர்ரகதையும், கர்நாடகத்தில் யக்ஷகானமும், வடநாட்டில் நௌடங்கியும் மக்களை ஈர்க்க வல்லவை. நாடகத்தில் மனநோயாளி நகைப்புக்குரிய பாத்திரமாகிவிடக் கூடாது. பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும். மூன்று செய்திகள் மனத்தில் பதிந்தால் போதுமானது. இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் துயரம், உறக்கமின்மை, நாட்டமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும் என்பது முதலாவது. தனக்குத்தானே பேசுதல், காரணமற்ற ஐயம், பிறர் கேளாத குரல்களைக் கேட்டல் ஆகியவை நோயின் அறிகுறிகள். அவற்றுக்கு மருந்து உண்டு. அம்மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது என்பது இரண்டாவது. எங்கே, என்று, யாரிடம் செல்வது என்பது மூன்றாவது.

தவிர்க்க வேண்டியவையும் உள. நோயாளியை அவருடைய முழுச் சம்மதமின்றி மேடையில் நிறுத்துவது பெருந்தவறு. கூட்டத்தினரிடையே ஒருவரைச் சுட்டி, அவருக்கு நோய் உண்டு என்று கூறுதல் கூடாது. பள்ளியில் ஒரு மாணவரின் துயரத்தை ஆசிரியர் அறிய நேர்ந்தால், அதைப் பிற மாணவர் முன் பேசலாகாது. தற்கொலையைப் பற்றிப் பேசும்போது அதன் முறைகளை விவரிக்காமல், உதவி பெறும் வழிகளை மட்டும் எடுத்துரைக்க வேண்டும். சாமியாடியையும் பூசாரியையும் மேடையில் பழித்துரைப்பதாலும் பயனில்லை. துயருற்ற குடும்பம் முதலில் நாடுவது அவர்களையே. "வழிபாட்டோடு மருந்தும் உட்கொள்ளுங்கள்" என்று அவர்களே கூறுமாறு செய்ய முடிந்தால் பாதி வேலை முடிந்ததாகும்.

சட்டமும் தொலைபேசியும்

2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஊழியர் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். அரசாங்கத்திடமிருந்து மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிப்பதை அது தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடிக்கு உட்பட்டிருந்தவர் எனக் கொண்டு, அவருக்குப் பராமரிப்பு அளிக்குமாறு அரசாங்கத்தைப் பணிக்கிறது. போலீசாருக்கு அஞ்சி அத்தகையவரின் நிலையை மறைக்கும் குடும்பங்களுக்கு இச்செய்தியைத் தெரிவிப்பது ஓர் உயிரைக் காப்பதற்கு ஒப்பாகும்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையும் உதவிக்கு உள்ளது. 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரத்திலும், கட்டணமின்றி, இந்திய மொழிகள் பலவற்றில் ஆலோசனை பெறலாம். கூட்டத்தில் ஒருமுறை சொல்வதோடு நில்லாமல், இவ்வெண்ணைப் பள்ளிச் சுவரிலும் சுகாதார நிலையச் சுவரிலும் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. பலர் முன்னிலையில் எண்ணைக் குறித்துக்கொள்ள வெட்கப்படுபவர், ஆளில்லா வேளையில் அதைப் பார்த்துக்கொள்வர்.

கூட்டம் முடிந்த பின்

உண்மையில் ஊழியரின் வேலை கூட்டம் முடிந்த பின்னரே தொடங்குகிறது. விளக்குகள் அணைந்து, விரித்த பாய்களைச் சுருட்டும் வேளையில், தூணருகே ஒரு தாய் தயங்கி நிற்பதைக் காணலாம். தன் மகனைப் பற்றிப் பேச வந்தவள் பேச்சை வேறு எதிலோ தொடங்குவாள். உறவினர் ஒருவருக்கு இப்படி இருக்கிறதாம் என்பாள். அவளிடம் அவசரமாகக் கேள்வி கேட்கலாகாது. பொறுமையாகச் செவிசாய்த்து, அடுத்த மருத்துவ நாளில் உடன் வருவதாக வாக்களிக்க வேண்டும். வாக்களித்தபடியே உடன் செல்லவும் வேண்டும். மருந்து தொடங்கிய பின் மாதம் ஒருமுறை அவ்வீட்டைக் கடந்து செல்லும்போது, உண்கிறாரா, உறங்குகிறாரா, மருந்து தீர்ந்துவிட்டதா என்று வினவி வருதல் வேண்டும்.

கூட்டத்திற்கு வந்தோர் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் எழுதுவது வழக்கம். அதற்கு அடுத்த வரியில், கூட்டத்தின் பின் சிகிச்சைக்கு வந்தோர் எத்தனை பேர், ஆறு மாதங்களுக்குப் பின்னும் சிகிச்சையைத் தொடர்வோர் எத்தனை பேர் என்ற இரு எண்களையும் சேர்த்து எழுதும் பழக்கம் ஏற்படுமாயின், மனநலக் கூட்டங்கள் தாமே சீர்ப்படும். அவ்வெண்கள் முதலில் சிறியனவாகவே இருக்கும். அதனால் ஊழியர் மனம் தளர வேண்டுவதில்லை. ஊரறியத் தேறிய ஒருவரே அடுத்த கூட்டத்திற்குச் சிறந்த பேச்சாளர்.